ஏரிச் சேறும் இரண்டு ரெஃப்ரீக்களும்

இந்தப் பக்கம் எழுதி ரொம்ப நாளாச்சு. வருஷக் கணக்கு முடிக்கிற நேரத்தில் என்னை மாதிரி கணக்கு எழுதுகிற ஆசாமிகளுக்கு வேறு உலகமே கிடையாது. தாமதத்துக்கு மன்னிக்கவும். பாதியில் விட்ட தெப்பக்குளத் தொடர் அடுத்த மாசம் கண்டிப்பாகத் தொடரும் (நம்புங்கள்!). இந்த முறை வேறு ஒரு நீர்நிலை. அது மதுரையில் இல்லை, அமெரிக்காவில் இருக்கிறது. ஆனால் இந்தக் கதை எனக்குத் தொடங்கியது எங்கள் வீட்டுக் கூடத்தில்.

என் அக்கா மகள் ஆராய்ச்சி மாணவி. நாலு வருஷமாகக் கண்மாய்க் கரைகளில் அலைந்து தட்டான்பூச்சி எண்ணுகிறாள். தட்டான் முட்டை போடுவது தண்ணீரில், அதன் குஞ்சு வளர்வதும் தண்ணீருக்குள் என்பதே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். போன வருஷம் அதையெல்லாம் பேப்பராக எழுதி ஒரு சூழலியல் ஜர்னலுக்கு அனுப்பினாள். அனுப்புவது என்றால் லேசில்லை. வரிக்கு வரி எண் போட வேண்டும், படங்களைத் தனித்தனி ஃபைலாக வைக்க வேண்டும், மேற்கோள் பட்டியலில் கமா எங்கே புள்ளி எங்கே என்று அவர்கள் சொல்கிற மாதிரி மாற்ற வேண்டும், ஆசிரியருக்கு ஒரு கவர் லெட்டர் வேறு. மூன்று மாசம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"திருப்பி அனுப்பிட்டாங்க மாமா."

"எதைம்மா?"

"பேப்பரை. ரெண்டு ரெஃப்ரீயும் வேண்டாம்னுட்டாங்க. ரெண்டே ரெண்டு கண்மாயை வச்சுக்கிட்டு இவ்வளவு பெருசாப் பேசக் கூடாதாம்."

இந்த இடத்தில் ஒரு நல்ல தாய்மாமன் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நான் சொன்னது: "விடும்மா. பேசாம பேங்க் பரீட்சைக்குப் படி. இன்னும் வயசு இருக்கு."

அவள் ஒன்றும் பதில் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள். அக்கா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

மறுநாள் காலையில் காபி கொண்டுவந்து வைத்தவள், முகத்தைப் பார்க்காமலே கேட்டாள். "லிண்டமன்னு ஒருத்தர் தெரியுமா மாமா? அவருக்கும் ரெண்டு ஏரிதான். அவரையும் திருப்பித்தான் அனுப்புனாங்க. நீங்கதான் சரித்திரம் சரித்திரம்னு எழுதுறீங்களே, போய்ப் படிச்சுப் பாருங்க."

படித்தேன். ஒரு வாரம் வேறு எதையும் படிக்கவில்லை. அதுதான் இந்தப் பதிவு.

* * *

பள்ளியில் உயிரியல் படித்தவர்களுக்கு 'பத்து சதவீத விதி' ஞாபகம் இருக்கலாம். புல்லில் இருக்கிற ஆற்றலில் பத்தில் ஒரு பங்குதான் அதைத் தின்கிற வெட்டுக்கிளிக்குப் போகும், வெட்டுக்கிளியில் பத்தில் ஒரு பங்குதான் தவளைக்கு, இப்படியே மேலே மேலே. பக்கத்தில் 'லிண்டமன், 1942' என்று போட்டிருக்கும். தேர்வுக்கு அந்த ஒரு வரி போதும். அந்த வரிக்குப் பின்னால் 26 வயதில் செத்துப்போன ஒரு பையன் இருக்கிறான் என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

ரேமண்ட் லிண்டமன் 1915-ல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1936-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். அவர் எடுத்துக்கொண்ட ஏரியின் பெயர் சீடார் பாக் ஏரி. மினியாபொலிஸ் நகரத்துக்கு வடக்கே இருக்கிறது. ஏரி என்று சொன்னதும் வீராணம் மாதிரி நினைத்துவிடாதீர்கள். நம் ஊர்க் கண்மாய் ஒன்றின் மூலையில் வைத்தால் காணாமல் போய்விடும். ஆழம் சுமார் 1 மீட்டர். சுற்றிலும் சதுப்பு. வருஷா வருஷம் செடி கொடி மட்கி அடியில் சேறாகப் படிந்து, ஏரி தன்னைத் தானே மூடிக்கொண்டு வருகிறது. அவரே தன் பேப்பர்களின் தலைப்பில் இதைக் 'கிழட்டு ஏரி' என்றுதான் சொல்கிறார். கிழவனின் கடைசிக் காலக் கணக்கை எழுத உட்கார்ந்த இளைஞன்!

அவருக்குக் கூட இருந்தது மனைவி எலினார். கணவனும் மனைவியுமாகத்தான் அந்த ஏரியில் இறங்கி வேலை பார்த்திருக்கிறார்கள். தண்ணீரில் மிதக்கிற கண்ணுக்குத் தெரியாத பாசி, கரையோரச் செடி, சேற்றுக்குள் இருக்கிற புழு, கொசு மாதிரியான பூச்சியின் குஞ்சு, மீன் என்று எதையும் விடவில்லை. மினசோட்டாவில் குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிடும். மேலே பனிக்கட்டி மூடியதும் கீழே தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அப்போது சேற்றில் இருக்கிற பிராணிகளில் எது பிழைக்கும், எது சாகும் என்று தனியாகச் சோதனை செய்து அதற்கே ஒரு பேப்பர் எழுதியிருக்கிறார். ஐந்து வருஷம் இந்தக் கதைதான். 1941-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

இதற்கு நடுவே அவர் உடம்பு அடிக்கடி படுத்தியது. ஈரல் கோளாறு, மஞ்சள் காமாலை. வரும், போகும், திரும்ப வரும்.

* * *

சரி, அவர் அப்படி என்னதான் கண்டுபிடித்தார்?

இதை ஒரு கணக்குப்பிள்ளை சொல்வதுதான் பொருத்தம் என்று நினைக்கிறேன் (சுயவிளம்பரம் இல்லை). அதுவரைக்கும் ஏரியை ஆராய்ந்தவர்கள் ஆளுக்கொரு பேரேடு வைத்திருந்தார்கள். ஒருவர் மீன் எண்ணுவார். ஒருவர் பாசியை எடை போடுவார். ஒருவர் தண்ணீரின் வெப்பம் பார்ப்பார். கிலோ ஒரு பக்கம், எண்ணிக்கை ஒரு பக்கம், டிகிரி ஒரு பக்கம். ரூபாயையும் மூட்டையையும் ஆள் கூலியையும் ஒரே பத்தியில் கூட்ட முடியுமா? முடியாது. எல்லாவற்றையும் ஒரே நாணயத்துக்கு மாற்ற வேண்டும்.

லிண்டமன் எடுத்துக்கொண்ட நாணயம் கலோரி. பாசியோ, புழுவோ, மீனோ, எல்லாமே பிடித்து வைத்த சூரிய வெளிச்சம்தான். அப்படியானால் எல்லாவற்றையும் கலோரியில் எழுதலாம். 1935-ல் டான்ஸ்லி என்ற இங்கிலாந்துத் தாவரவியல்காரர், உயிருள்ளதையும் உயிரற்றதையும் சேர்த்து ஒரே அமைப்பாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லி 'ஈக்கோசிஸ்டம்' என்ற வார்த்தையை உருவாக்கியிருந்தார். லிண்டமன் அந்த வார்த்தையை எடுத்து அதற்கு வரவு செலவு எழுதினார். அவர் போட்ட படத்தில் நட்டநடுவில் இருப்பது மீனோ செடியோ இல்லை, சேறு! செத்ததெல்லாம் அங்கேதான் போய்ச் சேருகிறது, அங்கேயிருந்துதான் திரும்பவும் கிளம்புகிறது.

அவர் அட்டவணையைப் பார்த்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு சதுர சென்டிமீட்டர் ஏரிப் பரப்புக்கு ஒரு வருஷத்துக்கு இத்தனை கலோரி என்று கணக்கு. சூரியன் கொடுப்பது 1,18,872. அதில் செடியும் பாசியும் பிடித்துக்கொள்வது 111 சொச்சம். அதாவது ஆயிரம் ரூபாய் கொடுத்தால் ஒரு ரூபாய்தான் பெட்டிக்குள் போகிறது.

அடுத்தது செடியைத் தின்கிற பிராணிகள். அவற்றின் கணக்கு இப்படிப் போகிறது: உடம்பாக இருப்பது 7.0, மூச்சு விட்டுச் செலவழித்தது 4.4, வேறு பிராணி தின்றுவிட்டது 3.1, செத்து மட்கியது 0.3. கூட்டிப் பாருங்கள், 14.8. இப்போது செடிகளின் கணக்கில் 'தின்னப்பட்டது' என்ற இடத்தைப் பார்த்தால் அங்கேயும் 14.8. அதே மாதிரி இங்கே தின்னப்பட்ட 3.1-தான் அடுத்த படியில் இருக்கிற மாமிசம் தின்னிகளின் மொத்த வரவு. ஒருவர் பற்று இன்னொருவர் வரவு. சாட்சாத் இரட்டைப் பதிவு! கணக்கியல் படிக்காத ஒரு மனுஷன் சேற்றில் நின்றுகொண்டு இதைச் செய்திருக்கிறான்.

முதலாளி கையில் நூறு ரூபாய் இருக்கிறது என்பது ஒரு தகவல். அந்த நூறு எங்கே இருந்து வந்தது, எங்கே போகிறது என்று தெரிந்தால்தான் அது கணக்கு. லிண்டமனுக்கு முன்னால் ஏரிகளைப் பற்றித் தகவல் நிறைய இருந்தது. கணக்கை இப்படி முழுசாகப் போட்டுக் காட்டியது அவர்தான்.

* * *

ஆராய்ச்சி நூலின் கடைசி அத்தியாயம்தான் இந்த விஷயம். அதைத் தனிப் பேப்பராக ஆக்க வேண்டும். 1941-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு வருஷ உதவித்தொகை கிடைத்து அங்கே போகிறார். அங்கே இருந்தவர் ஈவ்லின் ஹட்சின்சன். பிறப்பால் இங்கிலாந்துக்காரர். 1932-ல் யேல் குழுவோடு நம் லடாக் பக்கம் வந்து அந்த உயரத்து ஏரிகளை ஆராய்ந்துவிட்டுப் போனவர். அவரும் இதே திசையில்தான் தனியாக யோசித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் உட்கார்ந்து கைப்பிரதியைத் திருத்தினார்கள்.

பேப்பர் தயாரித்த விதத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. லிண்டமன் அதைப் பூட்டி வைத்து எழுதவில்லை. மினசோட்டாவில் இருந்த ஆசிரியர்கள், நண்பர்கள் கூடிப் பேசுகிற ஒரு சின்ன வட்டம் இருந்தது. அதில் இந்த யோசனைகளை வைத்துப் பேசியிருக்கிறார். பிறகு முன்வரைவைப் பலரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். நன்றி சொல்கிற இடத்தில் டீவி, ரைலி, ஷெல்ஃபோர்ட் என்று பெயர் பெற்ற ஆட்களே வரிசையாக நிற்கிறார்கள். இத்தனை பேர் கண் பட்ட பிறகுதான் தபாலில் போகிறது.

போன இடம் 'ஈகாலஜி'. அமெரிக்கச் சூழலியல் சங்கத்தின் ஜர்னல், 1920-லிருந்து வருகிறது. டான்ஸ்லி அந்தப் புது வார்த்தையை வெளியிட்டதும் இதே ஜர்னலில்தான். 1941 அக்டோபரில் லிண்டமனின் பேப்பர் அங்கே போய்ச் சேர்ந்தது.

ஆசிரியர் சிகாகோவில் இருந்த தாமஸ் பார்க். அவர் வாழ்நாள் ஆராய்ச்சி என்ன தெரியுமா? மாவு வண்டு! நம் வீட்டில் ரவையிலும் கோதுமை மாவிலும் வருமே, அதே ஜாதிதான். வண்டுகளை மாவில் வளர்த்து, எத்தனை நாளில் எத்தனை பெருகுகிறது என்று எண்ணுகிறவர். அவர் பேப்பரை இரண்டு பேருக்கு அனுப்பினார். இருவருமே ஏரி ஆராய்ச்சியில் அந்த நாட்டின் பெரிய தலைகள்.

ஒருவர் விஸ்கான்சினின் சான்சி ஜூடே. வயது 70. பர்ஜ் என்பவரோடு சேர்ந்து பல பத்தாண்டுகளாக விஸ்கான்சின் மாநிலத்தின் நூற்றுக்கணக்கான ஏரிகளை அளந்தவர். இன்னொருவர் மிச்சிகனின் பால் வெல்ச். 1935-ல் ஏரியியலுக்குப் பாடப்புத்தகம் எழுதியவர். அமெரிக்காவில் அந்தத் துறையைப் படிக்கிற பிள்ளைகள் அந்தப் புத்தகத்தைத்தான் புரட்டுவார்கள்.

இரண்டு பேரும் வேண்டாம் என்றார்கள்.

ஜூடே சொன்னதன் சாரம் இது: இந்தப் பேப்பரில் பாதிக்கு மேல் நம்பிக்கை, ஊகம், கற்பனை ஏரி. ஒவ்வொரு ஏரியும் ஒரு தனிப் பிறவி, மனுஷன் போடுகிற சூத்திரத்துக்குள் அது அடங்காது. வெல்ச் சொன்னது: இந்த மாதிரிப் பொதுவிதி பேசுகிற நிலைக்கு ஏரியியல் இன்னும் வரவில்லை. இப்போதைக்குத் தேவை கோட்பாடு இல்லை, தரவு.

நவம்பரில் பார்க் பேப்பரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அந்தக் கடிதம் வந்த அன்று லிண்டமன் வீட்டில் என்ன நடந்தது என்று நான் கற்பனை செய்யப் போவதில்லை. எங்கள் வீட்டு வாசற்படியில் நடந்தது எனக்குத் தெரியும். அது போதும். ஐந்து வருஷச் சேறு, பனி, நடுவில் வந்து வந்து போன மஞ்சள் காமாலை. எல்லாவற்றுக்கும் ஒரு கடிதம் பதில்.

* * *

ஹட்சின்சன் என்னை மாதிரி "பேங்க் பரீட்சைக்குப் படி" என்று சொல்லவில்லை. உட்கார்ந்து பார்க்குக்கு ஒரு கடிதம் எழுதினார். ஏரிகளைப் பற்றி இத்தனை காலம் தரவு சேர்த்தாகிவிட்டது, எதைச் சேர்க்க வேண்டும் என்று வழி காட்டவாவது இந்த மாதிரிக் கோட்பாடு வேண்டும் என்பது அவர் வாதம்.

லிண்டமன் தன் பங்குக்குக் கைப்பிரதியைத் திரும்பத் திருத்தினார். அந்த டிசம்பரில்தான் பேர்ல் ஹார்பர் தாக்குதல். நாடே போரில் இறங்கிவிட்டது. அந்தக் குளிர்காலத்தில் ஒருவர் ஈரல் வலியோடு, சேற்றுப் புழு எத்தனை கலோரி என்று திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறார்.

1942 மார்ச்சில் பார்க் பேப்பரை ஏற்றுக்கொண்டார். ரெஃப்ரீக்கள் சொன்னதற்கு எதிராகத்தான் ஏற்றார். காலம்தான் பெரிய சல்லடை, அதுதான் தீர்ப்புச் சொல்லும் என்கிற பொருளில் எழுதினார். மாவு சலித்து வண்டு எண்ணுகிற மனுஷனுக்கு வேறு என்ன உவமை வரும்!

யோசித்துப் பார்த்தால் இந்தக் கதையில் பெரிய காரியம் செய்தவர் பார்க் என்றே எனக்குத் தோன்றுகிறது. அப்போது அவருக்கு வயது 33, 34 இருக்கும். எதிரே இரண்டு பெரியவர்கள் வேண்டாம் என்கிறார்கள். ஏரி அவர் துறையே இல்லை. "பெரியவங்க சொல்லிட்டாங்க, நான் என்ன பண்ண?" என்று கையைக் கழுவியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஜூன் மாசம் லிண்டமனின் உடம்பு முற்றிலும் விட்டுப்போனது. என்ன கோளாறு என்று பார்க்க அறுவைச் சிகிச்சை செய்தார்கள். ஜூன் 29-ஆம் தேதி இறந்துபோனார்.

பேப்பர் அச்சில் வந்தது அக்டோபர் மாசம். அவர் கையில் அது போய்ச் சேரவில்லை. கடைசியில் ஹட்சின்சன் எழுதிய ஒரு சின்னக் குறிப்பு இருக்கிறது. இது இவர் முடித்த ஆறாவது பேப்பர், அச்சில் இருக்கும்போதே இறந்துவிட்டார் என்று ஆரம்பிக்கிறது. மொத்தமே ஆறு பேப்பர்.

அதற்குப் பிறகு நடந்தது ஊரறிந்த கதை. 1953-ல் ஓடம் எழுதிய சூழலியல் பாடப்புத்தகம் இந்த ஆற்றல் கணக்கை அடித்தளமாக எடுத்துக்கொண்டது. அங்கிருந்து உலகம் பூராவும் பரவி நம் பிள்ளைகளின் புத்தகம் வரைக்கும் வந்துவிட்டது. 1977-ல் ராபர்ட் குக் என்பவர் 'சயின்ஸ்' இதழில் அந்தப் பழைய கடிதங்களை வைத்து எழுதிய பிறகுதான், திருப்பி அனுப்பப்பட்ட கதை வெளியே தெரிந்தது. சீடார் பாக் ஏரி இன்றைக்கும் இருக்கிறது. அதைச் சுற்றிய நிலம் சீடார் கிரீக் என்ற பெரிய ஆராய்ச்சிக் களம்.

* * *

இங்கேயே முடித்தால் கதை நன்றாக இருக்கும். ரெஃப்ரீக்கள் வில்லன்கள், இளைஞன் ஹீரோ, காலம் தீர்ப்புச் சொன்னது, சுபம். அக்கா மகளிடமும் இப்படித்தான் சொல்லப் போனேன். அவள்தான் தடுத்தாள். "அட்டவணையை ஒழுங்காப் பாத்தீங்களா மாமா?"

பார்த்தேன். அந்தப் 'பத்து சதவீதம்' அங்கே இல்லவே இல்லை!

சீடார் பாக் ஏரியில் செடியிலிருந்து தின்கிற பிராணிக்குப் போவது 13 சதவீதம் சொச்சம், அடுத்த படிக்கு 20-க்கும் மேல். ஒப்பிடுவதற்காக எடுத்துக்கொண்ட இரண்டாவது ஏரி விஸ்கான்சினில் இருக்கிற மெண்டோட்டா. அதில் 8.7, 5.5, 13.0. எங்கேயும் பத்து இல்லை. பத்து என்பது பிறகு வந்தவர்கள் தோராயமாக எடுத்துக்கொண்ட எண். அதற்கு இவர் பெயரை ஒட்டிவிட்டார்கள். இவர் சொல்ல வந்தது, படி மேலே போகப் போகப் பிராணிகள் ஆற்றலைப் பயன்படுத்தும் திறன் கூடுகிறது என்று. மெண்டோட்டாவிலேயே அது நடுவில் இறங்குகிறது பாருங்கள். பின்னால் வந்த ஆராய்ச்சிகளிலும் அது பொதுவிதியாக நிற்கவில்லை. மூச்சுக்குப் போகிற செலவைக்கூட அவர் தன் ஏரியில் முழுசாக அளக்கவில்லை. மற்றவர்கள் வேறு இடங்களில் அளந்ததை வாங்கிப் போட்டிருக்கிறார்.

அதாவது, இரண்டு ஏரியை வைத்துக்கொண்டு இவ்வளவு பேசக் கூடாது என்று ஜூடேயும் வெல்ச்சும் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எண்களைப் பொறுத்தவரை கிழவர்கள் சொன்னது சரி.

இன்னொன்றும் இருக்கிறது. மெண்டோட்டா ஏரியின் எண்கள் யாருடையவை? 1940-ல் இதே ஜர்னலில் ஒருவர் அந்த ஏரியின் வருஷ ஆற்றல் வரவு செலவை வெளியிட்டிருந்தார். அதிலிருந்துதான் லிண்டமன் எடுத்தார். அந்த ஒருவர், சான்சி ஜூடே! பையன் தன் எண்களைக் கொண்டுபோய் எங்கே நிறுத்துகிறான் என்று பார்த்த ஜூடேக்கு, ஒவ்வொரு ஏரியையும் படகில் போய் நேரில் பார்த்த மனுஷனுக்கு, அது உறுத்தியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவரை நான் வில்லன் என்று சொல்ல மாட்டேன். 1944-ல் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

எண்கள் பலவீனம், ஆனால் கணக்குப் போடுகிற முறை புதுசு. எண்ணை நாளைக்கு யாராவது திருத்துவார்கள். எதை அளக்க வேண்டும் என்றே தெரியாமல் இருந்தால் திருத்தவும் ஆள் வராது. ரெஃப்ரீக்கள் சொன்ன குறை உண்மை, அதற்காக அவர்கள் கேட்ட தண்டனைதான் தப்பு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தவர் பார்க். லிண்டமனும் "கிழவர்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று மூட்டை கட்டி வைக்கவில்லை, "எல்லாம் போச்சு" என்று விட்டுவிடவும் இல்லை. திருத்தி எழுதினார்.

முப்பது வருஷம் ஆடிட்டருக்குப் பதில் சொன்னவன் நான். ஆட்சேபணைக் குறிப்பு வந்தால் முதலில் கோபம் வரும். ராத்திரி தூங்கி எழுந்து பார்த்தால் பத்தில் ஆறு நியாயமாக இருக்கும். அந்த ஆறையும் சரி செய்தால்தான் மிச்சம் நாலுக்கு நிமிர்ந்து நின்று பதில் சொல்ல முடியும். இது தெரிந்தும் அன்றைக்கு அந்தப் பிள்ளையிடம் அப்படிச் சொன்னேனே என்றுதான் இருக்கிறது.

* * *

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே அக்கா வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் ஆண்களுக்குக் கிடையாது (கெட்ட பழக்கம்தான்). அதனால், "உன் அட்டவணையைக் கொடு, கூட்டிப் பாக்குறேன்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். பென்சிலோடு மத்தியானம் பூராவும் உட்கார்ந்தேன். தட்டான்களின் விஞ்ஞானப் பெயர் ஒன்றும் வாயில் நுழையவில்லை. ஆனால் எண் எந்த மொழியிலும் எண்தானே. இரண்டாவது அட்டவணையில் ஐப்பசி மாச மொத்தம் ஏழு குறைந்தது. ஒரு வரியைக் கூட்டாமல் விட்டிருக்கிறாள்.

"ஐயோ, இதை ரெஃப்ரீகூடக் கண்டுபிடிக்கலையே மாமா!"

"அவங்க ஆராய்ச்சிக்காரங்கம்மா. நான் கணக்குப்பிள்ளை."

தலைப்பை மாற்றிவிட்டாள். முன்பு 'தென் தமிழகக் கண்மாய்களில்' என்று இருந்தது. இப்போது 'இரண்டு கண்மாய்களில்' என்று பளிச்சென்று போட்டிருக்கிறாள். எதை அளந்தாள், எதை ஊகித்தாள் என்று தனித்தனிப் பத்தியாகப் பிரித்து எழுதினாள். தன் யோசனையை மட்டும் ஒரு வரிகூடக் குறைக்கவில்லை. அனுப்புவதற்கு முன்னால் துறையில் நாலு பேரிடம் படிக்கக் கொடுத்தாள். அதில் ஒருவர் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார் போல. அன்றைக்கு அவள் வாசற்படியில் உட்காரவில்லை. சாப்பிட்டுவிட்டுத் திருத்த உட்கார்ந்தாள்.

போன வெள்ளிக்கிழமை இரவு பதினோரு மணிக்கு வேறு ஒரு ஜர்னலுக்கு அனுப்பினாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பட்டனை அழுத்துவதற்கு முன்னால் நன்றி சொல்கிற பத்தியைக் காட்டினாள். கடைசியில், அட்டவணைகளைச் சரிபார்த்தவர் என்று என் பெயர்.

பதில் வர நாலு மாசம் ஆகுமாம். அதுவரைக்கும் தெப்பக்குளத் தொடரை முடித்துவிடப் பார்க்கிறேன்.